எலும்பு சொன்ன பொய்

பேனா இருக்குமா தம்பி? கறுப்பு மையாக இருந்தால் நல்லது. இந்தப் படிவத்தில் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள், என் பேனா நீலம். ஒரு படிவம் கறுப்பு மை கேட்டால் கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும் என்று நினைக்கிறவன் நான். மற்ற விஷயங்களில் நான் எப்படிப்பட்டவன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்கள். ஃபோனில் 'அப்பாவை இன்னும் உள்ளேதான் வச்சிருக்காங்க' என்று சொன்னீர்களே. ஒட்டுக்கேட்கவில்லை. காதில் விழுந்தது. இந்தக் காத்திருப்பு அறையில் எல்லாருக்கும் எல்லாமும் காதில் விழுகிறது. உங்கள் அப்பாவுக்கு நல்லபடியாக முடியும். இந்த ஆஸ்பத்திரியில் கைராசிக்காரர்கள். எங்கள் மச்சானுக்கு நேற்று முன்தினம் இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள், இன்றைக்குக் காலையில் இட்லி கேட்டாராம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆறுமுகநயினார். முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கால்கரிவாசி. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி தவறிவிட்டார், தனியாக இருக்கிறார். நாங்கள் இரண்டு தெரு தள்ளி எங்கள் பெண் பூங்கொடி வீட்டில் இருக்கிறோம். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் நூலகர். அதனால்தான் என் பேச்சு கொஞ்சம் அச்சடித்த மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிவம் எனக்கு இல்லை, அவருக்கு. உணவு ஆலோசகர் ஒரு பெண் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். கடந்த ஆறு மாதத்தில் நோயாளி என்ன சாப்பிட்டார், வாரத்துக்கு எத்தனை முறை இறைச்சி, என்ன இறைச்சி, எப்படிச் சமைத்தது. 'மார்ச்சில் இவர் ரத்த அறிக்கை இவ்வளவு நன்றாக இருந்திருக்கிறதே, அப்போது என்ன செய்தீர்கள், அதைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்றாள். என் மனைவி உடனே படிவத்தை என் கையில் திணித்துவிட்டாள். 'நீங்கதான் விவரமா எழுதுவிய' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணி நேரமாகப் பென்சிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, காலை உணவு, எல்லாம் ஆகிவிட்டது. இதோ, இந்தக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. என்ன இறைச்சி.

ஆட்டுக்கறி என்று எழுதினால் முடிந்துவிடும். அவருக்கு அதுதான் தெரியும், என் மனைவிக்கும் அதுதான் தெரியும். என் கைதான் எழுத மாட்டேன் என்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? இல்லை, இங்கே யாருக்கும் இருக்காது.

போன அக்டோபரில் மச்சானுக்கு இதயத்தில் முதல் அடைப்பு. ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். மாத்திரை, நடை, எண்ணெய் குறை, கொழுப்புள்ள ஆட்டுக்கறியை நிறுத்து. மச்சான் மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிக்கு மட்டும் சிரித்தார். 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறி இல்லன்னா அது என்ன ஞாயித்துக்கிழமை மாப்ளே? திங்கக்கிழமைக்குக் கோட்டு போட்டு விட்ட மாதிரில்லா இருக்கும்' என்றார். ஞாயிற்றுக்கிழமை கறி எங்கள் வீட்டில்தான். என் மனைவி செல்லக்கனி வைக்கிற கறி. சப்பைக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றி, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் மிதக்கும். அவள் ஊரிலிருந்து துணியில் சுற்றி மடியில் வைத்தே விமானத்தில் கொண்டுவந்த மண்சட்டி. அந்தச் சட்டியை நான் தொட்டால்கூடத் திட்டுவாள்.

நவம்பர் கடைசியில் கனி ஊருக்குப் போகவேண்டி வந்தது. சின்ன மகளுக்குத் திருநெல்வேலியில் பிரசவம். நாலு மாதம். கிளம்புகிற அன்று ஒரே ஒரு விஷயம்தான் என்னிடம் சொன்னாள். 'அண்ணாச்சிக்கு ஞாயித்துக்கிழமை சோறு தவறப்பிடாது. கறி வைக்கத் தெரியாட்டா ஃபோன்ல கேளுங்க.' என்னிடம் வேறு எதுவும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தில் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. 'நம்ம மாப்ளைக்குப் புஸ்தகத்துக்கு அட்டை போடத் தெரியும், வேற என்ன தெரியும்' என்று மச்சான் என் கல்யாணத்தன்றே பந்தியில் சொன்னார். பந்தி முழுக்கச் சிரித்தது. முப்பத்தெட்டு வருஷமாகிறது. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

எனக்கு ஒரு பழக்கம். எதைப் பற்றிக் கவலை வந்தாலும் அதைப் பற்றிப் படிப்பேன். கொழுப்புக் குறைந்த சிவப்பு இறைச்சி எது என்று தேடிப் படித்தேன். கடைசியில் எல்க்கில் வந்து நின்றேன். இந்த நாட்டுப் பெரிய மான். குதிரை உயரம். நம் மேற்கு மலையில் இருக்கிற மிளாவுக்குப் பங்காளி. கொழுப்பு ஆட்டில் இருப்பதில் ஒரு சின்னப் பங்குதான், இரும்புச் சத்து ஏராளம், புரதம் தாராளம். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு மிருகம், அதை இங்கே மூஸ் என்பார்கள், அது ஒரு தனிக் குழப்பம். பூங்கொடி இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

இங்கிருந்து வடக்கே ரெட் டீர் பக்கத்தில் எல்க் வளர்க்கிற பண்ணை ஒன்று இருக்கிறது. அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை தெரியுமா? வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் எல்க்கைப் பார்த்துத் தங்கள் ஊர்ச் செம்மான் என்று நினைத்துவிட்டார்களாம். ஒரு மிருகத்துக்குப் பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு அவர்களுக்கு ஒரு ஊரே கிடைத்தது. எனக்கு இந்த நாற்காலி கிடைத்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்க வேண்டியது, இதில் என்ன குற்றம், நல்ல கறிதானே என்று. குற்றம் இருக்கிறது. கனியின் பிறந்த வீட்டில் மான் சாப்பிட மாட்டார்கள்.

ஆடு, கோழி, மீன், காடை, முயல் எல்லாம் உண்டு. மான் மட்டும் கிடையாது. அவர்களுக்கு முருகன்தான் எல்லாம். வள்ளியைப் பெற்றது மான். ஆகவே மான் சாமிக்கு மாமியார். மாமியாரைக் குழம்பு வைக்கலாமா? இதுதான் அந்த வீட்டு வழக்கம். சிரிக்காதீர்கள், நானும் ஆரம்பத்தில் சிரித்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். மச்சானோடு பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வேட்டைக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு நவம்பரும் மான் கறியில் செய்த சாசேஜ் கொண்டுவந்து நீட்டுவார்கள். மச்சான் அத்தனை பேரையும் நிற்கவைத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், 'மை காட்ஸ் மதர்-இன்-லா' என்று விளக்குவாராம். இரண்டாம் வருஷத்திலிருந்து அவருக்கு மட்டும் கோழி சாசேஜ் வந்தது. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இந்தக் குளிரில் அந்த மனிதர் அதைக் காப்பாற்றினார்.

நான் பதினாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவைத்தேன்.

எனக்கும் ஒரு வாதம் இருந்தது. வள்ளிமலையில் எல்க் கிடையாது. அங்கே பனி விழாது. வள்ளியைப் பெற்றது புள்ளிமானாகத்தான் இருக்க முடியும். புள்ளிமான் வேறு பேரினம், எல்க் வேறு பேரினம். ஆகவே உறவுமுறை செல்லாது. இந்த வாதத்தை எனக்குள்ளேயே தினமும் நடத்தினேன், தினமும் ஜெயித்தேன். ஜெயித்தவன் அதை ஏன் ஒருநாளும் மச்சானிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம், கேட்காதீர்கள்.

பூங்கொடிதான் காரில் கூட்டிப் போனாள். பாதி வழியில், 'அப்பா, மாமாட்ட சொல்லிட்டிங்கல்லா?' என்றாள். 'சொல்லிட்டேன்மா. அவர் முன்னாடி மட்டும் பேச்சை எடுக்காத, கூச்சப்படுவாரு. அம்மாட்டயும் நானே சொல்லிக்கிடுதேன்' என்றேன். அதுதான் முதல் பொய். மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் சொன்னது.

பண்ணைக் கடையில் டோரீன் என்று ஒரு அம்மாள். என் வயது இருக்கும். நான் குறிப்பேடு கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மாளுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. என்ன சமையல் என்று கேட்டாள். குழம்பு என்றேன். அப்படியானால் முதுகுக்கறியை வாங்காதே, அது இரண்டு நிமிஷம் கல்லில் காட்டி எடுக்கிறது, குழம்பில் போட்டால் வீண். தோள்கறி வாங்கு, கால்கறி வாங்கு, சின்னத் தீயில் நேரம் கொடுத்தால் குழையும் என்றாள். நல்ல கறி எப்படி இருக்கும் என்றும் காட்டினாள். ஆழ்ந்த சிவப்பு, கிட்டத்தட்ட நாவல்பழ நிறம். நார் மெல்லியதாக இருக்க வேண்டும். வெள்ளைக் கோடுகள் இருக்காது, இருந்தால் அந்த ஓரத்துக் கொழுப்பைச் சீவி எறி, மான் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். பொட்டலத்தில் காற்று இருக்கக்கூடாது. உள்ளே ஐஸ் பொடி தெரிந்தால் ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம், தொடாதே. வீட்டில் உறைபெட்டியின் அடியில், பின்பக்கம் வை, கதவோரம் வைக்காதே. சமைப்பதற்கு முந்தின நாள் கீழ்த்தட்டில் ஒரு தட்டுமேல் வைத்து இளக விடு. மேசைமேல் வைத்து இளக்காதே. இளகினதை இரண்டு நாளுக்குள் சமைத்துவிடு.

எல்லாம் எழுதிக்கொண்டேன். 'யாருக்கு?' என்றாள். 'என் மனைவியின் அண்ணன், இதய நோயாளி' என்றேன். 'உன்னை மாதிரி ஒரு மைத்துனன் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும்' என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பண்ணைச் சீட்டுகளை எல்லாம் கிழித்தேன். மச்சான் கண்ணில் படலாம், அவரே குளிர்பெட்டியைத் திறக்கிறவர்தான். வேறு சீட்டு ஒட்ட வேண்டும். ஆடு என்று எழுதப் போனேன், முடியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நான் தப்பான அலமாரியில் வைத்ததில்லை தம்பி. கடைசியில் எண் எழுதினேன். நூலக வகைப்பாட்டில் சமையலுக்கு ஒரு எண் உண்டு. ஆட்டுக்கறிச் சமையல் 641.663. காட்டு இறைச்சிச் சமையல் 641.691. ஒவ்வொரு பொட்டலத்திலும் 641.691 என்று எழுதித் தேதியும் போட்டு ஒட்டினேன். பொய் எழுதவில்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் வாசிக்கத் தெரியாத உண்மையை எழுதினேன். அன்றைக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

சமையல் உடனே வரவில்லை. வார நாளில் எனக்கு நானே வைத்துப் பார்த்தேன். முதல் தடவை குக்கரில் ஆறு விசில். சைக்கிள் டியூப். இரண்டாம் தடவை ஆட்டுக்கறி மாதிரியே எண்ணெயில் சுருளச் சுருள வதக்கினேன், ஈரமெல்லாம் ஓடிப்போய் வற்றல் ஆனது. கொழுப்பு இல்லாத கறிக்கு நாம்தான் ஈரம் கொடுக்க வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், ஆனால் கைக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று, அதுவரை ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குக் கோழிக்குழம்புதான். தயிரும் மஞ்சளும் இஞ்சியும் பிசறி ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், அதற்குமேல் இல்லை. சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி, வறுத்து அரைத்த மல்லியும் மிளகும். தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை அரைத்து விட்டேன். கனியின் மண்சட்டி, மூடி போட்டு, கொதிக்கவிடாமல் சிணுங்கவிட்டு, இரண்டரை மணி நேரம். மூடியைத் திறந்தபோது கரண்டி பட்டதும் பிரிந்தது. நான் அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன்.

கனியின் சட்டி. ஆமாம். அதை அப்புறம் சொல்கிறேன்.

ருசி சரி. மச்சானை எப்படி ஏமாற்றுவது? அறுபது வருஷமாக ஆட்டுக்கறி சாப்பிட்ட வாய். கறியைவிட எலும்புதான் அவருக்கு முக்கியம். நெஞ்செலும்பை எடுத்து உறிஞ்சுகிற சத்தம் மாடியில் இருக்கிற பூங்கொடிக்குக் கேட்கும். அங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு அசல் யோசனையை யோசித்தேன். கசாப்புக் கடையில் நாலே நாலு ஆட்டெலும்பு வாங்கினேன். தனியாக வேகவைத்து, ஆறவைத்து, மேலே உறைந்த கொழுப்பை ஏடு எடுக்கிற மாதிரி எடுத்து எறிந்துவிட்டு, அந்தச் சாற்றைக் குழம்பில் சேர்த்தேன். எலும்பைக் கறிக்கு மேலே, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி வைத்தேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எலும்பு சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறு. மச்சான் உட்கார்ந்தார். தட்டில் பாதி கீரையும் பீன்ஸும், கால்வாசி சோறு, கறி உள்ளங்கை அளவு. டாக்டர் சொன்ன அளவு. 'என்ன மாப்ளே, பொண்ணு பாக்க வந்தவனுக்கு வைக்க மாதிரி வைக்கிய?' என்றார். எலும்பைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எடுத்து உறிஞ்சினார். கறியைப் பிசைந்து வாயில் வைத்தார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'கறி கறுப்பா இருக்கே?'

'மிளகு தூக்கலாப் போட்டேன் மச்சான்.'

'பஞ்சு மாதிரி இருக்கு வே! எந்தக் கடை? இளங்குட்டியா?'

'இளங்குட்டிதான்' என்றேன். எலும்பு சொன்னது போக மிச்சத்தை நான் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு கை கழுவிக்கொண்டே சொன்னார். 'மாப்ளே, கனிட்ட சொல்லிராத. அவ கறியைவிட இது ஒருபடி மேல.'

தம்பி, நான் இதை அவர் உடம்புக்காகச் செய்தேன். அது சத்தியம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது குற்ற உணர்ச்சியால் இல்லை. அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருபடி மேல.

அதற்கப்புறம் உண்மையைச் சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிருத்திகை வந்தது, விரத நாளில் எப்படிச் சொல்வது? பொங்கல் வந்தது, நல்ல நாளில் எப்படி? தைப்பூசம், அன்றைக்கு எப்படி? முருகனுக்கு வருஷத்தில் எத்தனை விசேஷம் என்று இந்தத் தடவைதான் எனக்குத் தெரிந்தது. நடுவில் எல்க் கொத்துக்கறியில் கோலா உருண்டை செய்தேன், எண்ணெயில் பொரிக்காமல் பணியாரக் கல்லில் வேகவைத்து. அதற்கு எலும்புகூடத் தேவைப்படவில்லை, அதற்குள் என் பேரில் நம்பிக்கை வந்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் ரத்தப் பரிசோதனை. கெட்ட கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டரே கை குலுக்கினாராம். மச்சான் நேரே கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. 'பாத்தியா மாப்ளே! டாக்டர் என்ன சொன்னான்? ஆட்டுக்கறியை விடுன்னான். நான் வாரம் தவறாமத் தின்னேன். என்ன ஆச்சு? குறைஞ்சிட்டு! முப்பத்தஞ்சு வருசம் முருகன் மாமியாரை நான் தொடலை, இப்ப அவன் என் நெஞ்சைத் தொட்டுக் காப்பாத்திட்டான்.'

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷம்தான் அது. அவர் கண்ணில் தண்ணீர். நான், 'டீ போடட்டுமா மச்சான்?' என்றேன்.

டீ குடித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். 'மாத்திரையை நிறுத்திட்டேன். கறிக்கே குறையும்போது அது எதுக்கு?'

'டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்' என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். உரக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் ஆட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் கனி வந்துவிட்டாள். உறைபெட்டியைத் திறந்து, 'இது என்ன நம்பர்?' என்றாள். ஒரு பொட்டலம் பாக்கியிருந்தது. 'கடைக்காரன் நம்பர்' என்றேன். மண்சட்டியைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். எடுத்துத் தட்டிப் பார்த்து, 'பரவாயில்லையே, பத்திரமா வச்சிருக்கிய' என்று சிரித்தாள். அவள் அண்ணன் வீட்டு வழக்கம்தான் அவள் வழக்கமும். அந்தச் சட்டியில்தான் இந்த வாரம்வரை சமைத்தாள். அதில் சமைத்ததைத்தான் சாப்பிட்டாள்.

பங்குனி உத்திரத்தன்று கோயில் கூடத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் மச்சான் மைக்கைப் பிடித்தார். மாத்திரை வேண்டாம், மனசு சுத்தமாக இருந்தால் ஆட்டுக்கறியே மருந்து என்று பேசினார். ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நம் சாமி கல்யாணநாள் அது. மாமியார் வீட்டு விசேஷம். நான் கடைசி வரிசையில் பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பேச்சில் 'கொலஸ்ட்ரால்' என்பதை 'கொலஸ்ட்ரோல்' என்று சொன்னார். வெளியே வந்ததும் அதை மட்டும் திருத்தினேன்.

அப்புறம் நாலு ஞாயிறு. கனி வைத்தாள். சப்பைக்கறி, நெஞ்செலும்பு, தேங்காய், கசகசா, மேலே விரல்கடை எண்ணெய். நாலு மாதத்துப் பாசத்தையும் சேர்த்து வைத்தாள். மச்சான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒவ்வொரு கரண்டியும் தெரியும். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஞாயிறு அவர் சாப்பிட்டு முடித்ததும், 'நல்லா இருக்கு கனி, ஆனா மாப்ளே கறி...' என்று இழுத்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு மோர் ஊற்றிக்கொண்டேன். சிரித்துவிடக் கூடாதே என்றுதான் குனிந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தார்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நாலு வாரத்துக் கறியில் ரத்தக்குழாய் அடைக்காது, இது பல வருஷத்து வேலை, மாத்திரையை நிறுத்தினதுதான் தப்பு என்று. எனக்குப் புரிந்தது. மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதும் எனக்குப் புரியும். கனிக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். பதினாலு ஞாயிறு புருஷன் ஆட்டுக்கறி வைத்தான், அண்ணன் தேறினான். நாலு ஞாயிறு தான் ஆட்டுக்கறி வைத்தேன், அண்ணன் விழுந்தான். ஆடு ஒன்றுதான். அப்படியானால் கை?

நேற்று சாயங்காலம் இதே நாற்காலியில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருந்தாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இந்தக் கையில என்னமோ இருக்கு. எங்க அம்மைக்கும் கடைசில நான்தான் கஞ்சி குடுத்தேன். ரெண்டாம் நாள் போயிட்டா. மதினிக்கும் நான்தான் பொங்கிப் போட்டேன்' என்றாள். நான் அவளுக்கு மருத்துவம் சொன்னேன். குழாய், படிவு, மாத்திரை, பல வருஷத்து வேலை. எல்லாம் சரியாகச் சொன்னேன். 'நீங்க படிச்சவுக, உங்க கை நல்ல கை' என்றாள். என்னைப் பாராட்டி அவள் சொன்ன முதல் வார்த்தை அது. நான் எழுந்து காபி வாங்கப் போய்விட்டேன்.

இன்றைக்குக் காலையில் பூங்கொடியை விட்டு மண்சட்டியை வீட்டிலிருந்து எடுத்துப்போய் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் அண்ணனுக்குச் சமைக்க மாட்டாளாம். யாருக்கும் கறி வைக்க மாட்டாளாம்.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தக் கட்டத்தில் எனக்கு ஏன் கை ஓடவில்லை என்று. பாருங்கள், பென்சிலில் மெல்லிசாக ஒன்று எழுதியிருக்கிறேன். 641.691. அது போதும் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள், நானாகச் சொன்னதாகவும் இருக்காது, மறைத்ததாகவும் இருக்காது. எப்படிப்பட்ட மூளை பாருங்கள். ரப்பர் இருந்தால் கொடுங்கள். வேண்டாம், கறுப்பு மையிலேயே அடித்துவிடுகிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? மச்சான் என் முகத்தில் முழிக்க மாட்டார். முப்பத்தைந்து வருஷ விரதம். பரிகாரம் உண்டா என்று நேற்று ராத்திரி தேடிப் படித்தேன். தெரியாமல் உண்டவனுக்கு ஏதேதோ இருக்கிறது. தெரிந்தே ஊட்டினவனுக்கு ஒன்றும் காணோம். கனி என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று எனக்கே தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்குப் போன பிறகு மச்சான் மறுபடி மாத்திரையை நிறுத்துவார்.

கதவு திறக்கிறது. அவள்தான். பச்சைச் சேலை. இல்லை தம்பி, எழுந்திருக்காதீர்கள். இடம் வேண்டாம், அவள் இந்தப் பக்கம் உட்காருவாள். நீங்கள் தயவுசெய்து இருங்கள். வெளி ஆள் முன்னால் அவள் சத்தம் போட மாட்டாள்.

வா கனி. என்ன, அழுதியா? சிரிக்கியா? மச்சான் முழிச்சிட்டாரா? என்ன கேட்டார்?

என் கறியா?

இப்படி உட்காரு. இவர் நம்ம ஆள், அவர் அப்பாவும் உள்ளே இருக்கார். பேனா இவர் கொடுத்தது. உட்காருன்னு சொல்லுதேன்ல்லா. கையைக் கொடு. இந்தக் கையை. உன் கையில ஒண்ணும் இல்ல, கனி. ஒருநாளும் ஒண்ணும் இருந்ததில்ல. பதினாலு ஞாயிறும் நான் அண்ணாச்சிக்கு வச்சது ஆடு இல்ல.

ஐயோ, மாடு இல்ல. மாடா இருந்தா நான் இவ்வளவு பயந்திருப்பேனா? அதைவிட நெருங்கின சொந்தம்.